ஆணியடித்த நாக்கு: எட்மண்ட் ஸ்பென்சரும் அயர்லாந்துப் புலவர்களும்

ஆங்கில இலக்கியம் படித்தவர்களிடம் எட்மண்ட் ஸ்பென்சர் என்ற பெயரைச் சொன்னால் போதும், 'கவிஞர்களின் கவிஞர்' என்பார்கள். மில்டனும் கீட்ஸும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில முதுகலை படித்தவர்களில் பலர், அவருடைய 'எபிதலேமியன்', 'புரோதலேமியன்' என்ற இரண்டு திருமணப் பாடல்களில் ஒன்றையாவது பரீட்சைக்காகப் புரட்டியிருப்பார்கள். 'எபிதலேமியன்' ஸ்பென்சர் தன் சொந்தக் கல்யாணத்துக்குத் தானே எழுதிக்கொண்ட பாட்டு. 1594ஆம் ஆண்டு எலிசபெத் பாயில் என்ற பெண்ணை அவர் மணந்தார். பாட்டின் ஒவ்வொரு பகுதியும் முடியும்போது காடு எதிரொலிக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, ஆங்கிலத்தில் அதற்கு இணையான மணப்பாடல் இல்லை.

வகுப்பில் பாடலின் யாப்பைச் சொல்லிக்கொடுப்பார்கள், உவமைகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்பவர் குறைவு. எதிரொலித்த அந்தக் காடு எங்கே இருக்கிறது? யாருடைய காடு?

அந்தக் காடு இங்கிலாந்தில் இல்லை. அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டர் மாகாணத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் அங்கே பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்துப்போயிருந்தார்கள். மணமகன் குடியிருந்த கோட்டை, அழிக்கப்பட்ட ஓர் அயர்லாந்துப் பிரபு குடும்பத்தின் உடைமையாக இருந்து பறிமுதல் செய்யப்பட்டது. 'அட, கவிஞன்தானே, கவிதையை மட்டும் பாருங்க' என்று சிலர் சொல்லலாம். ஸ்பென்சர் விஷயத்தில் அது நடக்காது. அவரே அரசியலைக் கவிதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். அதனால் கவிதையைப் பார்த்தாலே அதையும் பார்த்தாக வேண்டும்.

டியூடர் ஆட்சியும் அயர்லாந்தும்

கதைக்கு வேண்டிய வரலாற்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்து மன்னர்கள் தங்களை அயர்லாந்தின் தலைவர் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் 1485இல் டியூடர் வம்சம் அரியணை ஏறியபோது அவர்கள் சொல் எடுபட்டதெல்லாம் டப்ளினைச் சுற்றியிருந்த 'பேல்' என்ற சிறிய வட்டாரத்தில்தான். மற்ற இடங்களில் அயர்லாந்துக் குலத்தலைவர்களும், முன்பே வந்து குடியேறி ஊரோடு ஊராகக் கலந்துவிட்ட பழைய ஆங்கிலப் பிரபுக்களும் தங்கள் இஷ்டப்படி ஆண்டார்கள்.

டியூடர்கள் இதை ஒவ்வொரு படியாக மாற்றினார்கள். இங்கிலாந்து அரசின் ஒப்புதல் இல்லாமல் அயர்லாந்து நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் செய்யக்கூடாது என்று 1494இல் பாய்னிங்ஸ் சட்டம் வந்தது. 1534இல் கில்டேர் பிரபுவின் மகன் தாமஸ், டப்ளினில் ஆலோசனை சபையின் முன்னால் அரசு வாளை வீசியெறிந்து கலகத்தில் இறங்கினார். 1537இல் அவரையும் அவருடைய சித்தப்பா, பெரியப்பா ஐந்து பேரையும் லண்டனில் கொன்றார்கள். அதே ஆண்டில் அயர்லாந்து உடைக்கும் தலைமுடி அலங்காரத்துக்கும் மொழிக்கும் எதிராகச் சட்டம் வந்தது. 1541இல் எட்டாம் ஹென்றி அயர்லாந்தின் 'மன்னர்' என்றே அறிவிக்கப்பட்டார்.

இதற்குப் பின் வந்த ஒரு ஏற்பாடுதான் மிக முக்கியமானது. அயர்லாந்துத் தலைவர்கள் தங்கள் நிலத்தை அரசரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கையாலேயே ஆங்கிலப் பட்டத்தோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நல்ல வியாபாரம்தான். 1542இல் கான் ஓ நீல் அப்படித்தான் டைரோன் பிரபு ஆனார். ஆனால் அயர்லாந்து வழக்கப்படி நிலம் தலைவரின் சொந்தச் சொத்து அல்ல. அவருக்குப் பின் யார் என்பதையும் குலத்தார்தான் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டதும் குலத்தின் நிலம் தனி ஆளின் ஆஸ்தியாகிவிட்டது. பட்டம் தலைவருக்குப் போனது, நஷ்டம் குலத்தார் தலையில் விழுந்தது. அடுத்த அறுபது ஆண்டுச் சண்டைகளில் பலவற்றுக்கு இங்கேதான் வேர். போதாக்குறைக்கு மதமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்து போப்பைக் கைவிட்டது, அயர்லாந்து விடவில்லை.

மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபு குடும்பத்தின் கலகம் 1569–73, 1579–83 என்று இரண்டு முறை வெடித்தது. இரண்டாவதை அடக்க ஆங்கிலப் படை கையாண்ட வழி பயிரை எரிப்பதும் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதும். 1582இல் ஆறு மாதத்துக்குள் முப்பதாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள் என்று ஆங்கில அதிகாரி ஒருவரே கணக்குச் சொன்னார். 1583இல் டெஸ்மண்ட் பிரபு கொல்லப்பட்டு அவர் தலை லண்டனுக்குப் போனது. நிலம் பறிமுதலானது. 1586 முதல் ஆங்கிலேயர்களைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தினார்கள். வால்டர் ராலேக்கு 42,000 ஏக்கர் கிடைத்தது. அந்த வரிசையில் மூவாயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமாகவும் கில்கோல்மன் கோட்டையும் பெற்றவர்தான் நம் கவிஞர்.

உத்தியோகம் தேடி வந்தவர்

ஸ்பென்சர் 1552 வாக்கில் லண்டனில் பிறந்தவர். பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை. 1580இல், அயர்லாந்தின் தலைமை ஆட்சியாளராக நியமிக்கப்பட்ட கிரே பிரபுவின் செயலாளராக அங்கே போனார். பிழைப்புக்காக வேற்று மண்ணுக்குப் போனவர் என்ற அளவில் நம்மைப் போன்றவர்தான். ஆனால் நாம் போன ஊரில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறோம். அவர் போன ஊரில், துரத்தப்பட்டவர்களின் கோட்டைக்குள் குடியேறினார். இந்த வித்தியாசம்தான் அவர் எழுத்து முழுவதையும் பிடித்து ஆட்டுகிறது.

அவர் போய்ச் சேர்ந்த அதே ஆண்டு நவம்பரில் கெர்ரி கடற்கரையில் ஸ்மெரிக் என்ற இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. கலகக்காரர்களுக்கு உதவ போப் அனுப்பிய இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் ஒரு கோட்டைக்குள் இருந்தார்கள். முற்றுகைக்குப் பின் சரணடைந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு சுமார் அறுநூறு பேரை கிரேயின் உத்தரவுப்படி வெட்டிப்போட்டார்கள். உயிருக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டுத்தான் கொன்றார் என்ற பேச்சு ஐரோப்பா முழுவதும் பரவியது. கிரே 1582இல் திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் ஸ்பென்சர் தன் எஜமானரைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி எந்த வாக்கும் தரப்படவில்லை, தான் பக்கத்தில் இருந்ததால் தெரியும் என்று பிற்காலத்தில் தன் உரைநடை நூலின் பாத்திரம் வழியாகச் சாட்சி சொன்னார். கவிதையில் அதைவிட ஒரு படி மேலே போனார்.

இரும்பு மனிதன்

'ஃபேரி குயின்' காவியத்தின் முதல் மூன்று காண்டங்கள் 1590இல் வந்தன, ஆறு காண்டங்களும் 1596இல் வந்தன. ஒவ்வொரு காண்டத்துக்கும் ஒரு நற்குணம், அதற்கு ஒரு வீரன். ஐந்தாம் காண்டத்தின் குணம் நீதி, வீரன் ஆர்த்திகல். ஐரீனா என்ற பெண்ணின் நாட்டை கிராண்டார்ட்டோ என்ற அரக்கன் பறித்துவைத்திருக்கிறான். அவளை மீட்கத்தான் ஆர்த்திகல் போகிறான். ஐரீனா என்றால் அயர்லாந்து. கடைசியில் வேலை முடிவதற்குள் அரசி ஆர்த்திகலைத் திரும்ப அழைத்துக்கொள்கிறாள், வழியில் பொறாமையும் அவதூறும் இரண்டு கிழவிகளாக வந்து அவனை ஏசுகின்றன. கிரே பிரபுவின் கதை அப்படியே தெரிகிறது. இதில் ஒளிவுமறைவே இல்லை.

கவனிக்க வேண்டியது ஆர்த்திகலின் உதவியாளன் டாலஸ். அவன் இரும்பால் ஆனவன். கையில் இரும்பு அடிகோல். கதிரடிப்பதுபோல் ஆட்களை அடித்துத் தள்ளுவான். அவனுக்குக் களைப்பு இல்லை, இரக்கம் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. காண்டம் நெடுக யோசித்துத் தீர்ப்புச் சொல்வது ஆர்த்திகல். கூட்டம் கூட்டமாகக் கொல்வது டாலஸ். சில இடங்களில், போதும், நிறுத்து என்று ஆர்த்திகலே அவனைத் தடுக்கவும் செய்கிறான். அதைப் படிக்கிற நமக்கு, 'ஆகா, எவ்வளவு கருணை!' என்று தோன்ற வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சி.எஸ். லூயிஸ் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர், ஸ்பென்சரை உயிராக நேசித்தவர். அவரே 1936இல் வெளிவந்த தம் நூலில், அயர்லாந்தில் நடந்த கொடுமையில் ஸ்பென்சருக்கும் பங்கு உண்டு, அந்தப் பாவம் ஐந்தாம் காண்டத்தில் அவர் கற்பனையைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்ற கருத்தைச் சொன்னார். நேர்மையான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அது பாதி தூரம்தான் போகிறது என்று படுகிறது. கற்பனை கெட்டுப்போயிருந்தால் டாலஸ் ஒரு மொண்ணையான பாத்திரமாக இருந்திருப்பான். அப்படி இல்லையே! காண்டத்தில் மறக்க முடியாத படைப்பே அவன்தான். ஓர் அரசு தன் வன்முறையை எப்படிக் கழற்றித் தனியே வைத்து, ஆள் இல்லாத ஓர் எந்திரத்தின் தலையில் கட்டுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறு எந்தக் கவிஞன் காட்டியிருக்கிறான்? தீர்ப்பு எழுதியவன் கையில் ரத்தக்கறை இல்லை. அடித்தது இரும்பு. கற்பனை கெடவில்லை, பிரமாதமாக வேலை செய்கிறது. கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

வராத ஆள்

கவிதையில் உருவகமாகச் சொன்னதை ஸ்பென்சர் 1596 வாக்கில் உரைநடையில் பச்சையாகவே எழுதினார். 'அயர்லாந்தின் இன்றைய நிலை குறித்த ஒரு பார்வை' என்பது அந்த நூல். 1598இல் பதிப்புக்குப் பதிவு செய்தும் அப்போது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகவே சுற்றியது. 1633இல்தான் ஜேம்ஸ் வேர் என்பவர் டப்ளினில் அதை அச்சிட்டார், அதுவும் காரமான சில இடங்களை மட்டுப்படுத்தி.

நூல் ஓர் உரையாடல். யூடாக்சஸ் என்பவர் கேட்கிறார், அயர்லாந்தில் இருந்துவிட்டு வந்த ஐரேனியஸ் பதில் சொல்கிறார். இரண்டு பேரும் ஆங்கிலக்காரர்கள். அயர்லாந்தைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசுகிறார்கள், ஒரு அயர்லாந்துக்காரர்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்க்காரனை வெளியே நிறுத்திவிட்டு ஊர்ப் பஞ்சாயத்து நடக்கிறது!

ஐரேனியஸ் அரைகுறை ஆள் இல்லை. அயர்லாந்தின் பழைய பிரெஹன் சட்டம் அவருக்குத் தெரியும். கொலைக்கு நஷ்டஈடு வாங்கிச் சமரசம் செய்வார்கள் என்று தெரியும். மக்கள் போர்த்தும் முரட்டுக் கம்பளிப் போர்வையைப் பற்றி மட்டும் ஒரு பெரிய பிரசங்கமே செய்கிறார், அது ஒளிந்து திரிபவனுக்கு எப்படியெல்லாம் உதவுகிறது என்று அடுக்குகிறார். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அயர்லாந்துச் செவிலியர் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும், பாலோடு மொழியும் குணமும் போய்விடுகின்றன என்கிறார். பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் குறித்துக்கொண்டதையெல்லாம் ஒரே முடிவுக்குச் சாட்சியாக மாற்றிவிடுகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். லிமரிக் நகரில் ஒருவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது, அவனை வளர்த்த கிழவி வெட்டுண்ட தலையைக் கையில் எடுத்து, வழிந்த ரத்தத்தைக் குடித்து, முகத்திலும் மார்பிலும் பூசிக்கொண்டு, தலையை விரித்துப்போட்டு அலறினாளாம். தன் கண்ணால் கண்டதாக ஐரேனியஸ் சொல்கிறார். எதற்காக? இந்த ஜனங்கள் பழங்காலக் காட்டுமிராண்டிகளின் வழிவந்தவர்கள் என்று நிரூபிக்க. ஆனால் அயர்லாந்து ஒப்பாரி மரபில் இறந்தவரின் ரத்தத்தைக் குடிப்பது துக்கத்தின் உச்சத்தைக் காட்டும் செய்கை. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1773இல், அதே மன்ஸ்டரில், சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லியரிக்காக அவர் மனைவி எலீன் பாடிய ஒப்பாரியில் இதே செய்கை வருகிறது. ஐரிஷ் மொழியின் மாபெரும் கவிதைகளில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். ஆக, ஸ்பென்சர் முன்னால் நின்றது ஒரு கவிதை. அவர் அதை மானிடவியல் குறிப்பாகப் படித்துவிட்டார். கிழவி என்ன சொல்லி அழுதாள் என்று அவர் எழுதவில்லை. அவருக்கு அது வெறும் சத்தம்.

இனி பஞ்சத்துக்கு வருவோம். நூலில் யாராலும் மறக்க முடியாத பகுதி அதுதான். எலும்பும் தோலுமாய், நிற்கக் காலில் பலமில்லாமல் காட்டிலிருந்து தவழ்ந்து வருகிறவர்கள், கிடைத்ததையெல்லாம் தின்கிறவர்கள், ஆளில்லாமல் காலியாகிப்போன செழிப்பான நாடு. கல்மனமும் இளகும் என்று அவரே சொல்கிறார். பொய்யில்லை, அந்த வரிகளில் உண்மையான பதைப்பு இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதி எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பத்தாயிரம் காலாட்படை, ஆயிரம் குதிரைப்படை வேண்டும், குளிர்காலத்தில் போர் தொடுக்க வேண்டும், சரணடைய இருபது நாள் தவணை கொடுக்க வேண்டும், அதற்குப் பின் வருகிறவர்களை ஏற்கக்கூடாது என்று ஒரு திட்டம் சொல்கிறார். 'இது பலிக்குமா?' என்ற சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் மன்ஸ்டர் பஞ்சம் வருகிறது. அங்கே பலித்தது, அதனால் இங்கேயும் பலிக்கும் என்பது வாதம். வாளால் செத்தவர்கள் கொஞ்சம்தான், மற்றவர்கள் தாங்களே வரவழைத்துக்கொண்ட பட்டினியால் செத்தார்கள் என்று முடிக்கிறார். பயிரை எரித்தது யார் என்ற கேள்வி எழவே இல்லை. டாலஸ் இங்கேயும் இருக்கிறான். இங்கே அவன் பெயர் பட்டினி.

இரக்கம் இருந்தால் போதும், மனிதன் தப்பு செய்யமாட்டான் என்று நாம் நினைக்கிறோம். ஸ்பென்சரைப் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது. இரக்கத்தையே திட்டத்துக்கு ஆதாரமாக வைக்க முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

அடித்துத் திருத்திய பெயர்

ஸ்பென்சர் அயர்லாந்துப் புலவர்களைப் பற்றியும் எழுதுகிறார். புலவர்கள் என்றால் சாதாரணப் பாட்டுக்காரர்கள் அல்ல. பரம்பரையாகப் பல ஆண்டுகள் பள்ளியில் பயின்று, அடிக்கு இத்தனை அசை, இன்ன இடத்தில் இன்ன ஓசை என்ற கண்டிப்பான யாப்பில் பாடுகிறவர்கள். குலத்தலைவரின் அவையில் அவர்களுக்கு உயர்ந்த இருக்கை உண்டு. புகழ்ந்தால் பெயர் நிலைக்கும், வசை பாடினால் மானம் போகும். புறநானூறு படித்த நமக்கு இந்தப் புலவர்–புரவலர் உறவு புரிய அதிக நேரம் ஆகாது.

இவர்கள் கொள்ளைக்காரர்களையும் கலகக்காரர்களையும் வீரர்களாகப் பாடி இளைஞர்களைக் கெடுக்கிறார்கள் என்பது ஐரேனியஸின் புகார். அப்போது யூடாக்சஸ், அவர்கள் பாட்டில் ஏதாவது சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறார். ஐரேனியஸ் ஒரு வினோதமான பதில் சொல்கிறார். சிலவற்றை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாராம். இனிமையும் நல்ல கற்பனையும் அவற்றில் இருந்தனவாம். இவ்வளவு நல்ல அணியைத் தீமைக்குப் பயன்படுத்துகிறார்களே என்று வருந்துகிறார். ஒரு நொடி, தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழிலாளியை அடையாளம் கண்டுகொள்கிறான். அடுத்த நொடி அதிகாரி வந்து கதவைச் சாத்திவிடுகிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாம் காண்டத்தின் ஒன்பதாம் படலத்துக்குப் போனால் திக்கென்றிருக்கிறது. ஆர்த்திகல், மெர்சில்லா என்ற அரசியின் அரண்மனைக்குள் நுழைகிறான். பெயரிலேயே கருணை உள்ளவள். எலிசபெத்தின் உருவகம். வாசலில் ஒரு கம்பம். அதில் ஒரு கவிஞனின் நாக்கை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். அரசியைப் பழித்துப் பாடினானாம். தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. முன்பு அவன் பெயர் 'பான்ஃபான்ட்', நல்ல ஊற்று. அதை அழித்துவிட்டு 'மால்ஃபான்ட்', கெட்ட ஊற்று என்று திருத்தியிருக்கிறார்கள். ஆர்த்திகல் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறான். கண்டிக்கவில்லை, கண் கலங்கவும் இல்லை.

கருணையின் அரண்மனைக்குக் கவிஞனின் நாக்குதான் வாசல்படியா? பலர் இதை ஸ்பென்சரின் சொந்தப் பயம் என்று படிக்கிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு. இதே படலத்தில் ஸ்காட்லாந்து அரசி மேரியின் விசாரணையை அவர் உருவகமாக எழுத, மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸ் கொதித்துப்போய் 1596இல் கவிஞனைத் தண்டிக்கச் சொன்னார். ஆனால் என் பார்வையில் அந்தக் கம்பத்தில் இன்னொருவரும் நிற்கிறார். இனிமையாகப் பாடத் தெரிந்த, ஆனால் அரசுக்கு எதிராகப் பாடிய அயர்லாந்துப் புலவர். நல்ல ஊற்று, கெட்ட ஊற்று என்று பெயர் மாறுவதும், நல்ல கலையைத் தீமைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஐரேனியஸின் தீர்ப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனாலும் கவிஞன் கவிஞன்தான். அழித்த பெயர் என்ன என்பதையும் நமக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். அதிகாரி மட்டும் எழுதியிருந்தால் திருத்திய பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மறுகரையிலிருந்து

அந்த நாக்குகள் என்ன பேசின? ஆங்கிலத்தை மட்டும் படித்தால் தெரியாது. ஐரிஷ் மொழியில் இருக்கின்றன.

மேற்கு அயர்லாந்தில் வாழ்ந்த தைக் டால் ஓ ஹிகின், ஸ்பென்சரின் சமகாலத்தவர். 'டால்' என்றால் பார்வையற்றவர். பிரையன் ஓ ரூர்க் என்ற தலைவருக்கு அவர் பாடிய பாட்டின் சாரம், போருக்குத் தயாராக இருப்பவனிடம்தான் அடுத்தவன் சமாதானமாக நடந்துகொள்வான் என்பது. ஓ ரூர்க் 1591இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். தைக் டால் இறந்ததும் அதே ஆண்டில்தான். அவர் வசை பாடியதற்காக ஓ ஹாரா குடும்பத்து ஆட்கள் சிலர் அவர் நாக்கை அறுத்துக் கொன்றார்கள் என்று வழிவழிக் கதை. நாக்கு விஷயம் கதையாக இருக்கலாம், கொலை ஆவணத்தில் உள்ளது. ஆக, புலவனின் நாக்கை அறுத்தவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்துப் பக்கத்தைப் பொன்னாலே மெழுகிவைப்பது விமர்சனம் ஆகாது.

அடுத்து ஓஹி ஓ ஹோசா. ஆங்கிலத்தில் ஓ ஹஸ்ஸி என்பார்கள். வடக்கே ஃபெர்மானா நாட்டுத் தலைவர் ஹ்யூ மக்வையரின் புலவர். 1594இல் தொடங்கிய ஒன்பதாண்டுப் போரில் மக்வையர், டைரோன் பிரபு ஹ்யூ ஓ நீலோடு நின்றார். 1598 ஆகஸ்டில் யெல்லோ ஃபோர்டு என்ற இடத்தில் ஓ நீல் ஆங்கிலப் படையை முறியடித்தார். அந்த அலை தெற்கே மன்ஸ்டரைத் தொட்டது. அக்டோபரில் கில்கோல்மன் கோட்டை எரிந்தது. ஸ்பென்சர் குடும்பத்தோடு தப்பி லண்டன் போய்ச் சேர்ந்து, 1599 ஜனவரியில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சாசரின் அருகே அடக்கம். 1600ஆம் ஆண்டுக் குளிரில் மக்வையர் ஓ நீலோடு மன்ஸ்டருக்குப் படையெடுத்துப் போனார். அப்போது ஓ ஹோசா பாடியதுதான் அந்தப் புகழ்பெற்ற பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மாங்கன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

பாட்டில் புலவர் வீட்டில் இருக்கிறார், தலைவர் வெளியே. ஆலங்கட்டி மழை, உறையவைக்கும் காற்று, பெருக்கெடுத்த வெள்ளம். இந்தக் குளிர் என் தலைவன் உடம்பில் எப்படி இறங்குமோ என்று தாயைப் போலத் தவிக்கிறார். கடைசியில் ஆறுதல் வருகிறது. எது ஆறுதல்? தலைவன் கொளுத்திய வீடுகளின் நெருப்பு. அந்தச் சூட்டில் அவன் கை உறைபனி உருகிவிடும். நம் புறப்பொருள் இலக்கணத்தில் பகைவர் நாட்டை எரியூட்டுவதற்கு 'உழபுல வஞ்சி' என்று துறையே வகுத்திருக்கிறார்கள். அந்தத் துறையில் இப்படி ஒரு திருப்பம் அபூர்வம்.

இரண்டு கவிஞர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மன்ஸ்டர், ஏறத்தாழ ஒரே காலம். இருவருக்கும் நெருப்பு வேண்டியிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. ஓ ஹோசா நெருப்பை நெருப்பு என்கிறார், மூட்டியவன் என் தலைவன் என்கிறார். நீதி, சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர் சூட்டவில்லை. எரிந்த வீட்டுக்காரன் நன்மைக்காகத்தான் எரித்தோம் என்று சொல்லவில்லை. ஸ்பென்சரின் நெருப்பில் மூட்டியவன் பெயரே இல்லை. என் கணிப்பில் அறத்தின் தராசு இங்கேதான் சாய்கிறது. கொடுமையைக் கொண்டாடுவது ஒரு குற்றம். கொடுமைக்கு அறத்தின் சட்டை போட்டுவிடுவது அதைவிடக் கனமான குற்றம், ஏனென்றால் அது தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியாகும்.

மக்வையர் அந்தப் படையெடுப்பிலிருந்து திரும்பவில்லை. 1600 மார்ச்சில் கார்க் நகரின் அருகே சண்டையில் விழுந்தார். 1601 இறுதியில் கின்சேலில் ஓ நீல் தோற்றார். 1603 மார்ச் 24இல் எலிசபெத் இறந்தார். அது தெரியாமலே ஆறு நாள் கழித்து ஓ நீல் மெல்லிஃபான்ட்டில் பணிந்தார். புதிய மன்னரான ஜேம்ஸை வரவேற்று ஓ ஹோசாவும் ஒரு பாட்டுப் பாடினார். ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகளெல்லாம் இந்த மாற்றத்துக்கு முன் எம்மாத்திரம் என்ற தொனியில் போகிறது அது. வேறென்ன செய்வார்? வேடிக்கை என்னவென்றால், ஸ்பென்சர் மறைவுக்குப் பின் 1609இல் அச்சான 'மியூட்டபிலிட்டி' படலங்களும் ஓவிட் பாணியில்தான் மாற்றத்தைப் பேசுகின்றன. அதில் டயானா தேவி, கவிஞன் நேசித்த கில்கோல்மன் பக்கத்து மலைநாட்டையே ஓநாய்களும் திருடர்களும் குடியேறட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். வந்தேறிய கவிஞனுக்கும் அந்த மண் மீது ஆசை இருந்திருக்கிறது. ஆனால் அது ஏன் பாழானது என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைத்த பதில் ஒரு தேவதையின் கோபம்தான்.

நிறைவாக

அயர்லாந்துக் கவிஞர்கள் ஸ்பென்சரைத் தூக்கியெறிந்துவிடவில்லை. யேட்ஸ் அவர் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து 1906இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். கவிஞன் ஒருவன், அரசு ஊழியன் ஒருவன் என்று அவருக்குள் இரண்டு பேரைப் பார்த்தார். சீமஸ் ஹீனி 1972இல் வந்த தொகுப்பில் ஒரு கவிதையில், காட்டிலிருந்து தவழ்ந்து வருகிற அந்தப் பட்டினி மனிதர்களை ஸ்பென்சரின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். ஹீனியின் வழிதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. யேட்ஸைப் போல ஆளை இரண்டாகப் பிளந்தால் நல்லவனை வைத்துக்கொண்டு கெட்டவனை விட்டுவிடலாம். ஆனால் எழுதிய கை ஒன்றுதானே!

ஸ்பென்சரைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 'எபிதலேமியன்' வைக்கிற வகுப்பில் 'பார்வை'யிலிருந்து பத்துப் பக்கமும், ஓ ஹோசாவின் பாட்டு ஒன்று மொழிபெயர்ப்பிலும் சேர்த்து வைக்கலாம். ஆங்கிலம் வழியாக உலகைப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது அவசியம். இல்லாவிட்டால் மால்ஃபான்ட் என்று திருத்திய பெயரை மட்டும் படித்துவிட்டு, ஆர்த்திகலைப் போல அவர்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டி அரண்மனைக்குள் போய்விடுவார்கள்.